கரிசல் மண்ணும் சில பழைய படங்களும்

பழைய திரைப்படங்களைப் பற்றி நம் மாணவர்களிடம் பேச்செடுத்தால் இருவகை மறுமொழி கிடைக்கிறது. ‘அதெல்லாம் அழுகைப் படம் ஐயா’ என்பது ஒன்று. ‘பார்த்திருக்கிறேன் ஐயா’ என்பது மற்றொன்று. முதலாமவரை மன்னித்துவிடலாம். இரண்டாமவரிடந்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. துருவிக் கேட்டால் அவர் பார்த்தது கைப்பேசியில் ஓடிய நான்கு நிமிடத் துண்டு என்பது வெளிப்படும். ஒரு பாட்டு, ஒரு நகைச்சுவை, ஓர் அடுக்குமொழி வசனம். இலையில் வைத்த ஊறுகாயை நக்கிவிட்டு விருந்துண்டேன் என்று சொல்பவரை என்னென்பது!

திரு. ஶ்ரீதர் 1964-இல் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தையே எடுத்துக்கொள்வோம். படம் எடுக்கப்போவதாகச் சொல்லித் திரியும் செல்லப்பா, தான் எடுக்கவிருக்கும் பேய்க்கதையைத் தன் தந்தைக்குச் சொல்லிக் காட்டும் இடத்தை அறியாதார் இல்லை. எல்லாரும் நாகேஷைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அடுத்த முறை நாகேஷைப் பார்க்காதீர்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் டி.எஸ். பாலையாவின் முகத்தை மட்டும் பாருங்கள். பேய் அங்கேதான் வருகிறது. கதை சொல்பவனுக்குச் சிரிப்பை வாங்கிக் கொடுப்பது கேட்பவனின் அச்சம் என்பது அப்போது விளங்கும். நானே நாலாவது முறையில்தான் அதைக் கண்டேன். முதல் முறை கதை நம்மை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. நின்று பார்க்க ஓய்வு கிடைப்பது மறுமுறைதான்.

எங்கள் தலைமுறைக்கு மறுமுறை பார்ப்பது கலைநோக்கால் வந்த பழக்கம் என்று பெருமை பேச மாட்டேன். வேறு வழி இல்லை, அவ்வளவே. நான் பிறந்து வளர்ந்த ஆலங்குளம் ராஜபாளையத்திற்குக் கிழக்கே, மேலே கரிசலும் கீழே சுண்ணாம்புக்கல்லுமாகக் கிடக்கும் பூமி. புதுப்படம் முதலில் மதுரைக்கு வரும். பிறகு ராஜபாளையம், ஶ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி. அங்கெல்லாம் ஓடித் தேய்ந்து, சுருள் முழுதும் மழை பெய்து முடிந்த பின்புதான் எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வந்து சேரும். வந்த படமே மீண்டும் மீண்டும் வரும். ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டுக் கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று பொருள். தரை டிக்கெட்டில் மணலைக் கூட்டி மேடாக்கி உட்காருவோம். பின்னாலிருப்பவன் மேட்டைத் தட்டிவிடுவான். புரொஜெக்டர் ஒன்றே ஒன்று. ஆகவே சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை, முறுக்கு, சண்டை. இத்தனைக்கும் நடுவில் ஒரு படத்தை ஒரே மூச்சில் விளங்கிக்கொள்வது ஆகிற காரியமா? ஏழெட்டு முறை பார்த்தால்தான் கதையே கூடிவரும்.

அப்படி மனப்பாடமாகிப்போன படம் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’. 1959-இல் பி.ஆர். பந்துலு எடுத்தது. கோயில் கொடை நடந்தால் அப்படத்தின் வசனத்தை ஒலிபெருக்கியில் கேட்காத ஊர் நம் பக்கத்தில் இருந்திருக்காது. 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகத் தேர்வானது இப்படத்திற்காகத்தான். கட்டபொம்மன் 1799-இல் தூக்கிலிடப்பட்ட கயத்தாறில் இன்று நிற்கும் சிலையும் சிவாஜியே இடம் வாங்கி நிறுவியது. நடித்த வேடத்திற்கு அப்படிக் கடன் தீர்த்த நடிகர் வேறு யார்?

என்றாலும், இன்று பார்க்கையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. குரல் ஓங்கி நிற்கும் அளவுக்கு வரலாறு அதில் ஓங்கி நிற்கவில்லை. எட்டப்பன் என்ற பெயர் ஒரு வசைச்சொல்லாகவே தமிழில் நிலைத்துப்போனதில் இப்படத்திற்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் துணிபு. எட்டயபுரம் நமக்கு அயலூரா என்ன? பாரதி பிறந்த ஊரும் அதுதானே? அந்தப் பாரதியை நம்பியே எடுக்கப்பட்ட ஒரு படத்தைப் பற்றிப் பின்னால் சொல்லப்போகிறேன். இக்கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். அதற்கு முன் இன்னும் சில.

பாட்டில்லாமல் படமில்லை என்று இருந்த காலத்தில், ஒரு பாட்டும் ஓர் ஆட்டமும் இல்லாமல் 1954-இல் ஏ.வி.எம். நிறுவனம் வெளியிட்டது ‘அந்த நாள்’. இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர். ஒரு வித்துவானே பாட்டை வேண்டாமென்று ஒதுக்கியது எத்தனை துணிவு! இரண்டாம் உலகப் போரில், 1943 அக்டோபரில், ஜப்பானியர் சென்னைமீது குண்டு வீசியதை ஒட்டி நடக்கும் கதை. வானொலிப் பொறியாளன் ஒருவன் சுடப்பட்டுக் கிடக்கிறான். சுட்டவர் யார் என்று ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. தெரிந்துகொண்ட பின்பு மீண்டும் ஒருமுறை பாருங்கள். பண்டரிபாயின் முகம் முதற்காட்சியிலிருந்தே வேறொரு படத்தை நடத்திக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள். மர்மக் கதைக்கு மறுவாசிப்பு இல்லை என்போர் வாய் அடங்கும்.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும். சிவாஜியின் விரல்களைப் புகழ்வோர், அந்த நாதசுரத்தை உண்மையில் ஊதிய மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி இருவரையும் நினைத்துக்கொண்டு கண்ணை மூடி ஒருமுறை கேட்க வேண்டும். பிறகு கண்ணைத் திறந்து தவில்காரராக வரும் பாலையாவைப் பாருங்கள். (பாலையா பெயர் இரண்டாம் முறை வந்துவிட்டது. என் செய்வது, அவர் அப்படிப்பட்டவர்.)

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ 1979-இல் வந்தது. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து முளைத்தது என்று மகேந்திரனே நன்றியுடன் கூறிய படம். இளம் வயதில் பார்த்தபோது அந்தக் கொடியவன் ஆற்றில் இறங்குவதைக் கண்டு எங்களுக்குள் ஒரு மகிழ்ச்சி இருந்தது. ஊரே கூடி ஒருவனைத் தண்டிக்கிறது, தீயவன் ஒழிந்தான், போதுமே! ஆனால் அவன் இறங்குமுன் ஊராரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவது என்ன? தன்னைப்போலவே அவர்களையும் ஆக்கிவிட்டதுதான் தான் செய்த பெருங்குற்றம் என்கிறான். இரண்டு பிஞ்சுகள் கரையில் நிற்கின்றன. பெற்ற பிள்ளைகளோடு இப்படத்தைப் பார்த்த நாளில்தான் நான் கரையில் நின்றவர்களைக் கவனித்தேன். அதுவரை ஆற்றில் இறங்கியவனை மட்டுமே பார்த்திருந்தேன்.

இனி நம் மண்ணுக்கு வருவோம்.

கோமல் சுவாமிநாதனின் மேடை நாடகத்தை 1981-இல் திரு. கே. பாலசந்தர் ‘தண்ணீர் தண்ணீர்’ என்று படமாக்கினார். தமிழில் சிறந்த படம், சிறந்த திரைக்கதை என்று இரண்டு தேசிய விருதுகள் அதற்குக் கிடைத்தன. கோவில்பட்டிப் பக்கத்து அத்திப்பட்டி என்னும் கற்பனைச் சிற்றூர். குடிக்கத் தண்ணீர் இல்லை. கொலைக் குற்றத்திற்காகத் தேடப்படும் ஒருவன் ஊருக்குள் வருகிறான். அவனுக்கு ஊர் அடைக்கலம் தருகிறது. அவன் தொலைவிலுள்ள ஊற்றிலிருந்து மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறான். சட்டத்தின் கண்ணில் குற்றவாளி, ஊரின் கண்ணில் தெய்வம். பிறகு மனுக்கள், அதிகாரிகள், வாக்குறுதிகள். கடைசியில் மக்கள் தாமே கால்வாய் வெட்டப் புறப்பட, அதற்கு அனுமதி இல்லை என்று அரசு குறுக்கே நிற்கிறது.

திரைப்படம் என்றால் தஞ்சாவூர்ப் பச்சையும் பொள்ளாச்சித் தோப்பும் என்று இருந்த நாளில், வெடித்துக் கிடக்கும் கரிசலைத் திரை நிறையக் கண்டபோது எங்களுக்கு ஏற்பட்டது ஒருவகைக் கூச்சம். நம் வீட்டு அழுக்குத்துணியை ஊர் நடுவே உலர்த்தியதுபோல் இருந்தது. ‘இதையெல்லாமா படம் எடுப்பார்கள்?’ என்று எங்கள் தெருப் பெண்கள் கேட்டார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்த கால்கள் அவர்களுடையவை. சரிதா நடித்த செவந்தியைக் கண்டு அவர்கள் அழவில்லை என்பதை இங்கே குறித்துவைக்கிறேன். குடத்தை இடுப்பில் ஏற்றும் விதம் சரியா தப்பா என்றுதான் விவாதித்தார்கள். சரி என்று தீர்ப்பாயிற்று. தேசிய விருதைவிட அதை நான் பெரிதாகக் கருதுகிறேன்.

நிற்க. பாரதி படத்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா?

‘ஏழாவது மனிதன்’ 1982-இல், பாரதியின் நூற்றாண்டில் வந்தது. புனே திரைப்படக் கல்லூரியில் பயின்ற கே. ஹரிஹரன் இயக்கினார், பாளை சண்முகம் தயாரித்தார். பாடல்கள் யாவும் பாரதியுடையவை, இசை எல். வைத்யநாதன். ஜேசுதாஸின் குரலில் வரும் நந்தலாலாப் பாட்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது இந்தப் படத்தில் வருவது என்பது பலருக்குத் தெரியாது. பின்னாளில் வில்லனாக நம்மை நடுங்கவைத்த ரகுவரன் இதில்தான் கதாநாயகனாக அறிமுகமானார். அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருது இதற்கே. இருந்தும் தெருவில் பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் ஒருவர் பார்த்திருப்பது அரிது.

கதை என்ன? படித்த இளைஞன் ஒருவன் நெல்லைச் சீமையில் ஒரு சிமெண்ட் ஆலைக்கு வேலைக்கு வருகிறான். ஆலை கக்கும் தூசி சுற்றியிருக்கும் மக்களின் உடம்பைத் தின்பதைக் காண்கிறான். கண்டும் காணாமல் சம்பளம் வாங்குவதா, எதிர்த்து நிற்பதா?

எங்கள் ஊரில் இப்படம் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆலங்குளமே அரசு சிமெண்ட் ஆலையால் பெயர் பெற்ற ஊர். 1970-ஐ ஒட்டி அந்த ஆலை வந்தது. மழை பொய்த்தால் பருத்தியும் பொய்க்கும், பருத்தி பொய்த்தால் அடுப்பும் பொய்க்கும் என்று இருந்த பூமியில் மாதம் பிறந்தால் சம்பளம் என்னும் புதுமையை அதுதான் கொண்டுவந்தது. என் தகப்பனார் அங்கே ஷிப்டு வேலைக்காரர். நான் பள்ளிக்கூடம் போனதும் கல்லூரிக்கு வந்ததும் அந்தச் சம்பளத்தில்தான். படம் எங்கள் ஆலையைப் பற்றியது அன்று. கதையின் ஊர் வேறு. ஆனாலும் சிமெண்ட் ஆலை என்ற சொல் ஒன்றே போதாதா, எங்களை நிமிர்ந்து உட்காரவைக்க?

நான் சிறுவன். ராஜபாளையத்தில் ஒரு கொட்டகையில் அப்பாவோடு பார்த்தேன். சண்டை இல்லையே என்ற ஏமாற்றமும், பாட்டு நன்றாக இருக்கிறதே என்ற ஆறுதலும்தான் எனக்கு. திரும்பி வரும் பேருந்தில் அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, ‘படம் எடுத்தவர் எடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். ஆலையை மூடிவிட்டால் நாம் எங்கேடா போவது?’ என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அப்படத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே இல்லை.

ஆசிரியப் பணியில் சேர்ந்த பின்பு, ஒரு குறுந்தட்டில் அதை மீண்டும் பார்த்தேன். பார்த்த உடனே இன்னொரு முறையும் பார்த்தேன். அப்பாவின் கேள்விக்கு அப்படம் தரும் விடை எனக்கு இன்றும் போதவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். நோயைச் சொல்லும் அளவுக்குப் பசியைச் சொல்லவில்லை என்பது என் கருத்து. வெளியிலிருந்து வந்தவனின் கண்ணால் ஊரைக் காட்டும் படங்கள் எல்லாவற்றிலும் இந்தக் குறை உண்டு. ஆனால் ஒன்று. அப்பா பேருந்தில் கேட்ட கேள்வியை அவர் வாயிலிருந்து வரவழைத்தது அந்தப் படந்தான். அதுவரை அவர் அதைக் கேட்டு நான் அறியேன். சம்பளமா, மூச்சா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி ஓர் ஏழையிடம் யாரும் கேட்கக்கூடாது. அப்படிக் கேட்கப்படும் ஊர்கள் இருக்கின்றன என்று 1982-இலேயே தமிழில் ஒருவர் படம் எடுத்துக் காட்டியிருக்கிறார். போபாலில் நச்சுவாயு கசிந்தது அதற்கு இரண்டாண்டு கழித்து, 1984 டிசம்பரில். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1986-இல். காலத்தை இப்படி வரிசையாக வைத்துப் பார்த்தால் அப்படத்தின் மதிப்பு விளங்கும்.

இரண்டாவது முறை பார்த்தபோது பாட்டுகளும் வேறாகக் கேட்டன. சிறுவனாக இருந்தபோது அவை படத்திற்கு நடுவே வந்த பாட்டுகள். இப்போது, எட்டயபுரத்துக்காரர் ஒருவர் எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டுப் போனது ஆலைப் புகைக்கு நடுவில் எப்படிப் பொருந்துகிறது என்ற வியப்பு. வைத்யநாதன் பாரதியை மேடையிலிருந்து இறக்கி நடக்கவிட்டிருக்கிறார். பேச்சுப் போட்டிகளில் பாரதியைக் கத்திக் கத்தியே களைத்துப்போன நம் மாணவ மணிகளுக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே இப்படத்தைப் பரிந்துரைப்பேன்.

என் நண்பர் ஒருவர், வேறு துறைப் பேராசிரியர், இதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘வேலை முடிந்து களைத்து வருகிறவனுக்குப் பொழுதுபோக்கு வேண்டும். தண்ணீர்ப் பஞ்சத்தையும் தூசியையும் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்கிறீரே!’ என்றார். நியாயமான கேள்விதான். நானும் தூசியை மட்டும் பார்க்கச் சொல்லவில்லையே! முதலில் பாலையாவை வைத்துத்தானே தொடங்கினேன்? சிரிக்கவைத்த படத்தையும் மறுமுறை பாருங்கள், சிரிக்க விடாத படத்தையும் மறுமுறை பாருங்கள் என்கிறேன். ஒன்று உண்டு. சிரிக்கவைத்தவை தொலைக்காட்சியில் தாமாகவே வந்துகொண்டிருக்கும். மற்றவை தேடிப் போனால்தான் கிடைக்கும்.

தேடினாலும் கிடைக்காதவையும் உண்டு. 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’. டி.பி. ராஜலட்சுமி நடித்தது. அதன் பிரதி ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. நடித்தவர் பெயரும் விளம்பரத் தாளும் எஞ்சியிருக்க, படம் போய்விட்டது. புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் அமைந்ததே 1964-இல்தான். அதற்குள் எத்தனை சுருள்கள் மக்கிப்போயினவோ! அந்நாளைய படச்சுருள் எளிதில் தீப்பற்றக் கூடியது. வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் உண்டு. யாரும் கேட்காத படத்தை யார் காப்பாற்றுவார்? நீங்கள் ஒரு படத்தைக் கேட்டுத் தேடிப் பார்ப்பதே அதற்கு ஒரு காப்பு. நம் நூலகத்தில் திரைப்படங்களுக்கென்று ஓர் அலமாரி ஏற்படுத்தினால் முதல் பிரதி வாங்கித்தர நான் ஆயத்தம். முதல்வர் ஐயா அவர்கள் இதைக் கண்ணுறுவாராக!

பார்க்கும் முறை பற்றி ஒரு சொல். துண்டு துண்டாகப் பார்க்காதீர்கள். தனியாகவும் பார்க்காதீர்கள். உங்களைவிட வயதில் மூத்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். படம் பேசாத இடங்களில் அவர் பேசுவார்.

இதைச் சொல்லும்போது இன்னொரு படம் நினைவுக்கு வருகிறது. அது கதைப்படமன்று. சலம் பென்னூர்கர் 1990-இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்னும் ஆவணப்படம். சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் உழைத்த சிறுவர் சிறுமியரைப் பற்றியது. விடியுமுன் ஊர் ஊராகப் பேருந்துகள் வந்து, பாதித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன காலத்தை நாங்கள் கண்ணால் கண்டவர்கள். வெம்பக்கோட்டைப் பக்கமும் சாத்தூர்ப் பக்கமும் அது அன்றாடக் காட்சி. அந்தப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று நம் மாணவ மாணவியரின் தாய்மார்களாக இருக்கக்கூடும். வகுப்பறையில் அப்படத்தைப் போட்டுக்காட்ட எனக்கு இதுவரை மனம் துணியவில்லை. நீங்கள் வீட்டில், அம்மாவை அருகில் வைத்துக்கொண்டு பாருங்கள். பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்று அவர்களையே கேளுங்கள்.